ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் வித்தை பழக: வண்டியை அடியிலிருந்து அமைக்கும் முழு வழிகாட்டி

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் நிற்கும், சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸட் கியரில் பின் பல்சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடு உருளையோடு, இறுகப் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும். காலை விறைத்து நிறுத்தினால் பின் சக்கரம் நின்று சாலையில் தேயும். ஸ்கிட் (பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவது), ட்ராக் ஸ்டாண்ட் (கால் ஊன்றாமல் ஒரே இடத்தில் நிற்பது), ஃபேக்கி (பின்னால் ஓட்டுவது) என்று நீங்கள் பழகப் போகிற எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை.

வண்டி கெடுவதும் இதே குணத்தால்தான். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் உதிரிபாகங்களில் பெரும்பாலானவை முன்னோக்கி மிதிக்கும் விசையை மட்டும் கணக்கில் கொண்டு செய்தவை. மரை, காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு பிடிக்கும் ஆணி), பெடல், எதை எடுத்தாலும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என் முழு எடையோடு பின்னோக்கி அழுத்தினால் இது தாங்குமா? ஹேண்டில்பாரின் அழகும் ரிம்மின் நிறமும் அதற்கு அப்புறம். பணம் குறைவாக இருந்தால் முதலில் ஹப், அடுத்து பாதப் பட்டை (காலைப் பெடலோடு பிடிப்பது), அடுத்து கிராங்க் (பெடல் பொருந்தும் கை) என்ற வரிசையில் செலவழியுங்கள்.

எந்த வண்டியை அடிப்படையாக எடுப்பது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு இதைத் தொடங்குபவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் வைத்த சிங்கிள் ஸ்பீட் வண்டி வாங்குவது. அந்த ஹப்பின் ஒரு பக்கம் ஃப்ரீவீல் (மிதிக்காவிட்டாலும் சக்கரத்தை ஓடவிடும் சாதாரணப் பல்சக்கரம்) மாட்டலாம், மறுபக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம் மாட்டலாம். வாங்கும் முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபிக்ஸட் பக்கத்தில் மரை இரண்டு படிகளாக இருக்க வேண்டும்: உள்ளே பெரிய விட்டத்தில் ஒரு மரை, வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில் எதிர்த்திசையில் இன்னொரு மரை. இரண்டு பக்கமும் ஒரே படி மரைதான் என்றால் அது ஃப்ரீவீல் ஹப். விற்பவர் எப்படிச் சொன்னாலும் ஏற்காதீர்கள். பெட்டியில் 'ஃபிக்ஸட்' என்று எழுதியிருப்பது இதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது வழி, முன் ஷாக் இல்லாத பழைய இரும்பு எம்டிபி (மலைச் சைக்கிள்) ஃப்ரேம் ஒன்றைத் தேடி எடுத்து, டிஸ்க் ஹப்பில் (டிஸ்க் பிரேக் தகடு மாட்டும் ஹப்) ஆறு போல்ட் பல்சக்கரம் மாட்டுவது. வித்தைக்கு எங்கள் விருப்பம் இதுதான். ஃப்ரேம் அடி தாங்கும், அகல டயர் நுழையும், ஃபோர்க் எளிதில் வளையாது.

மூன்றாவது வழி, வீட்டில் நிற்கும் கறுப்பு ரோட்ஸ்டரை மாற்றுவது. ஆசை வருவது நியாயம்தான், வித்தைக்கு வேண்டாம். காட்டர் பின் வைத்த கிராங்க் முன்னும் பின்னுமாக மாறி மாறி வரும் விசையில் சீக்கிரமே ஆடத் தொடங்கும். பின்னை எத்தனை முறை சுத்தியலால் இறக்கினாலும் திரும்ப ஆடும். பின் சக்கரத்தில் 40 ஸ்போக் இருப்பதால் சக்கரம் பலமானதுதான், ஆனால் ஹப்பில் இரண்டாம் படி மரை கிடையாது.

ஃப்ரேமில் பார்க்க வேண்டிய இன்னொன்று, பின் அச்சு உட்காரும் பிளவு. அது கிடைமட்டமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் இழுக்க வழியில்லை. அப்போது அரை லிங்க் சேர்த்தும், பல் எண்ணிக்கையை ஒன்று கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தைத் தேட வேண்டும். ஒரு பல் மாற்றினால் அச்சு இருக்க வேண்டிய இடம் சுமார் 3 மி.மீ. நகரும். ஸ்பிரிங் வைத்த செயின் டென்ஷனரை மட்டும் மாட்டவே கூடாது. பின்னோக்கி அழுத்தும்போது கீழ்ச் செயின்தான் இறுகும். அது அந்தக் கையை அப்படியே வளைத்துப் பிய்த்துவிடும்.

ஹப்பும் பல்சக்கரமும்

இந்த வண்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

ஃபிக்ஸட் ஹப்பின் உள் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, சாதாரண வலது மரை. வெளி மரை 1.29 அங்குலம், அதுவும் 24 சுற்று, ஆனால் இடது மரை. உள் மரையில் பல்சக்கரமும் வெளி மரையில் லாக்ரிங்கும் (பூட்டு வளையம்) ஏறும். பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயலும். அது கழலும் திசையே லாக்ரிங்குக்கு இறுகும் திசை. எதிர்மரையின் வேலை அவ்வளவுதான், அதற்கு மாற்றே கிடையாது.

ஃப்ரீவீல் ஹப்பின் மரையும் அதே 1.37 அங்குலம்தான். அதனால் ஃபிக்ஸட் பல்சக்கரம் அதிலும் அழகாக ஏறும், பொருந்தியது போலவே தெரியும். மேலே பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு உட்காரும் பகுதி) வளையத்தை வைத்து இறுக்கி லோக்டைட் (மரைப் பசை) போட்டால் போதும் என்று சொல்வார்கள். அந்த வளையம் வலது மரை. பல்சக்கரம் கழலும்போது அதுவும் சேர்ந்து கழலும். நேராக மிதிக்கும் வரை ஒன்றும் நடக்காது. முதல் ஸ்கிட்டில், கால் பட்டையில் கட்டியிருக்கும் நேரத்தில், பெடல் திடீரென்று பின்னால் ஓடும்.

ஃப்ரீவீலுக்குள் வெல்டிங் அடித்து அசையாமல் செய்வது நம் பக்கத்தில் இன்னொரு குறுக்கு வழி. வெல்டிங் வலுவாகவே இருந்தாலும் ஃப்ரீவீல் முழுதாக ஹப்பிலிருந்து கழலும். மேலே சொன்ன அதே கதை. ஹப்போடு சேர்த்தே வெல்டிங் அடித்தால் கழலாது. ஆனால் அந்தச் சூட்டில் பால்ரஸ் ஓடும் பாதையின் கெட்டித்தன்மை போய்விடும், கோன் குழி விழும், பல்சக்கரம் தேய்ந்தால் ஹப்பையே தூக்கிப் போட வேண்டும். இரண்டும் வேண்டாம்.

மரை ஹப்பில் மாட்டும் முறை:

1. ஹப் மரையையும் பல்சக்கரத்தின் மரையையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, காயவிடுங்கள். மரையில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அலுமினிய ஹப்பில் கீறல் விழும்.

2. கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். உலர்ந்த மரையில் இறுக்கினால் பாதியிலேயே பிடித்துக்கொண்டு, இறுகிவிட்டது போல ஏமாற்றும்.

3. பல்சக்கரத்தைக் கையாலேயே குறைந்தது மூன்று சுற்று ஏற்றுங்கள். கை வலு கேட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

4. செயின் விப்பால் (பல்சக்கரத்தைச் செயின் துண்டால் பிடித்துத் திருப்பும் கருவி) முழு பலத்தோடு இறுக்குங்கள். செயின் விப் கிடைக்கவில்லை என்றால் வெல்டிங் பட்டறையில் இரண்டடி நீளப் பட்டை இரும்பில் பழைய செயின் துண்டைப் பொருத்திச் செய்துகொள்ளலாம்.

5. சக்கரத்தை வண்டியில் மாட்டி, செயின் போட்டு, மேடான சாலையில் சில நிமிடங்கள் எழுந்து நின்று மிதியுங்கள். நிறுத்துவதற்குக் கை பிரேக் மட்டுமே. பின்னோக்கி அழுத்தவே கூடாது. உங்கள் உடல் எடை பல்சக்கரத்தை விப்பைவிட இறுக்கமாக உட்கார வைக்கும்.

6. வீட்டுக்கு வந்து லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் இறுக்குங்கள். இடது மரை, அதனால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் பள்ளங்கள் மழுங்கி, அடுத்த முறை எந்தக் கருவிக்கும் பிடி கிடைக்காது.

7. ஹப், பல்சக்கரம், லாக்ரிங் மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாகப் பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். கோடு உடைந்து விலகினால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. அன்றைக்கு வித்தை கிடையாது.

பல்சக்கரம் வாங்கும்போது மரைப் பகுதியின் அகலத்தைப் பாருங்கள். மலிவான தகட்டுப் பல்சக்கரத்தில் இரண்டு மூன்று சுற்று மரை மட்டுமே ஹப்பைப் பிடிக்கும். அதில்தான் ஹப் மரை உரிந்து போகிறது. பின்பக்கம் தடித்த கழுத்துள்ள எஃகுப் பல்சக்கரம் கூடுதல் மரையைப் பிடிக்கும்.

டிஸ்க் ஹப் வழியில் மரையே இல்லை. ஆறு எம்5 போல்ட்கள் தாங்குகின்றன. அந்தத் துளைகளின் வட்ட விட்டம் 44 மி.மீ. பின் சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்கள், டிஸ்க் பக்கம் செயின் பக்கத்துக்கு வரும். ரிம் நடுவிலேயே நிற்கும், கோட்டம் எடுக்க வேண்டியதில்லை. மறுபக்கத்தில் ஃப்ரீவீல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கேசட் (பல்சக்கர அடுக்கு) ஹப்பாக இருந்தால் அடுக்கு மாட்டும் உருளை சும்மா இருக்கும், கெடுதல் இல்லை. பின் டிஸ்க் பிரேக் இனி கிடையாது என்பதால் முன் பிரேக் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். போல்ட்களைக் குறுக்கு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, நீல லோக்டைட் தொட்டு, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

பல்சக்கரத்தில் ஆறு துளை போட லேத் பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்று தோன்றும், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் நல்ல கைகளும் உண்டு. ஆனால் கெட்டிப்படுத்திய எஃகில் துளை விலகும். அரை மி.மீ. மையம் தவறினாலும் செயின் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும். ஆறு துளையோடு செய்துவரும் பல்சக்கரத்தை வாங்குவதே மேல்.

எத்தனை பல்

வித்தைக்கு இலேசான கியர் வேண்டும். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, டயரின் வெளி விட்டத்தை அங்குலத்தில் பெருக்கினால் வருவது கியர் அங்குலம். ஓட்டப் பந்தய வண்டிகள் 80ஐத் தாண்டும். பழகுபவருக்கு 55 முதல் 68 வரை சரி. 26 x 2.1 டயரின் விட்டம் ஏறத்தாழ 26.2 அங்குலம், முன்னால் 38, பின்னால் 17 என்றால் 58.6 வரும். 700 x 38 டயரின் விட்டம் சுமார் 27.5 அங்குலம், 42க்கு 17 என்றால் 68. இதற்கு மேல் போனால் பின்னோக்கி மிதிப்பதும் நின்ற இடத்தில் வண்டியைப் பிடிப்பதும் முழங்காலைக் கேட்கும்.

17 என்ற எண்ணை நாங்கள் விடாமல் சொல்வதற்குக் காரணம் டயர். ஸ்கிட் அடிக்கும்போது கால் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால், டயரும் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே தேயும். எத்தனை இடங்கள் என்று அறிய முன் பல், பின் பல் விகிதத்தைச் சுருக்குங்கள்; கீழே நிற்கும் எண்தான் விடை. 42க்கு 18 சுருங்கினால் 7க்கு 3. மூன்றே இடம்! டயரில் சீக்கிரமே நூல் தெரியும். 36க்கு 16 என்றால் 9க்கு 4, நான்கு இடம். மேல் எண் ஒற்றைப்படை என்பதால் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்து அடிப்பவருக்கு எட்டு. 38க்கு 17 சுருங்காது, 42க்கு 17ம் சுருங்காது. பதினேழு இடங்களில் தேய்மானம் பகிர்ந்துகொள்ளும். ஒரு பல் வித்தியாசம், டயரின் ஆயுள் பல மடங்கு.

செயின்

எட்டில் ஒரு அங்குல அகலச் செயின் எடுங்கள். நம் ரோட்ஸ்டர்களில் ஓடுவதும் அதே அகலம்தான், எந்தக் கடையிலும் கிடைக்கும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முன்பக்கத்தை சீட் குழாயின் மையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். பின்பக்கத்துக்கு, அச்சு உட்காரும் இரண்டு தகடுகளின் உள் இடைவெளியைப் பாதியாக்கி, வலது தகட்டிலிருந்து பல்லின் மையம் வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டு அளவும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நல்லது, 2 மி.மீ.யைத் தாண்டினால் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். 120 மி.மீ. ட்ராக் ஹப்பில் இந்த அளவு வழக்கமாக 42 மி.மீ. திருப்பிப் போட்ட 135 மி.மீ. டிஸ்க் ஹப்பில் 50 மி.மீ.யை ஒட்டி வரும். மூன்று வளைய எம்டிபி கிராங்கின் நடு வளையம் அதற்கு அருகில் இருக்கும், அளந்து வாஷரால் திருத்துங்கள்.

இறுக்கத்துக்கு, கிராங்கை மெல்லச் சுற்றிச் செயின் எங்கே மிக இறுகுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நடுச்செயின் மேலும் கீழுமாக மொத்தம் சுமார் 1 செ.மீ. அசைய வேண்டும். அசைவே இல்லை என்றால் பால்ரஸ் அரைபடும். தொளதொளவென்று இருந்தால் ஸ்கிட்டில் செயின் கழன்று பல்லுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒரு சுற்றுக்குள் இறுக்கம் பெரிதாக மாறினால் முன் வளையம் மையம் தவறியிருக்கிறது. வளைய போல்ட்களைச் சற்றே தளர்த்தி, செயின் இறுகும் இடத்தில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். அச்சைப் பிடிக்க நட்டுதான் வேண்டும், குவிக் ரிலீஸ் வேண்டாம். முன்னால் மிதித்தாலும் பின்னால் அழுத்தினாலும் செயின் சக்கரத்தை முன்னோக்கியே இழுப்பதால், கிடைமட்டப் பிளவுள்ள ஃப்ரேமில் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் போட்டு, நட்டை 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது செயின் அருகே விரலோ துணியோ கொண்டுபோகாதீர்கள். சாதாரண வண்டியில் விரல் மாட்டினால் செயின் நிற்கும். இதில் சக்கரத்தின் வேகம் முழுவதும் விரலை இழுத்துக்கொண்டு போகும், எலும்போடு துண்டாகும். துடைப்பதாக இருந்தால் பெடலைக் கையால் கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, துடைத்து, மறுபடி நகர்த்துங்கள். லுங்கி, துப்பட்டா, தளர்ந்த பேண்ட், ஷூ லேஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. லேஸ் முனையை ஷூவுக்குள் செருகுங்கள், வலது பேண்டை மடித்துக் கட்டுங்கள்.

பாதப் பட்டை

ஸ்கிட்டில் பின் கால் கீழே அழுத்தும்போது முன் கால் மேலே இழுக்க வேண்டும். பட்டை இல்லாமல் அந்த இழுப்பு இல்லை. மெல்லிய டோ கிளிப் (கால் நுனியைப் பிடிக்கும் கூடு) வித்தையில் வளைந்துவிடும். அகலமான வெல்க்ரோ பட்டையே நம்பகமானது, அதை இங்கேயே தைத்துக்கொள்ளலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் பிழைப்பாக உள்ள ஊர்கள் சுற்றிலும் இருக்க, அதற்கான தையல் கைக்குக் குறைவில்லை.

சுமை தாங்குவது தோலாக இருக்கக் கூடாது. வியர்வையில் தோல் நீளும், காலையில் இறுக்கமாக இருந்தது அரை மணியில் தளரும். கார் சீட் பெல்ட் நாடா எடுங்கள். சுமார் 47 மி.மீ. அகலம், பாலியெஸ்டர், நீளாது. பெடலின் மேல் ஷூவை வைத்து, பெடலின் இரண்டு துளைகள் வழியாக ஒரு கயிற்றை விட்டு ஷூவின் மேல் சுற்றி அளந்து, அதோடு 15 செ.மீ. கூட்டுங்கள். அந்த 15 செ.மீ. வெல்க்ரோ ஒன்றன் மேல் ஒன்று படியும் பகுதி, 10 செ.மீ.க்குக் குறைந்தால் முழு இழுப்பில் உரிந்து வரும். பாதத்தின் மேல் படும் இடத்தில் மட்டும் 2 மி.மீ. தோல் ஒன்றை உள்ளே வைத்துத் தையுங்கள். பட்டை மடங்காமல் நிமிர்ந்து நிற்கும், காலை நுழைக்க எளிது. ஷூ தைக்கும் தடித்த நைலான் நூலால் ஓரம் முழுவதும் சுற்றித் தைத்து, நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி போலவும் தைக்கச் சொல்லுங்கள். வெட்டிய முனைகளை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள்.

பட்டையைப் பெடலில் குறுக்குச் சாய்வாக மாட்டினால் பாதத்தைச் சற்றுத் திருப்பி நுழைக்கலாம். நேராக்கினால் இறுகும், திரும்பத் திருப்பினால் விடுபடும். பாதத்தின் முன்மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே வரட்டும். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை எடுப்பதும் வைப்பதும் கண் பார்க்காமல் வரும்வரை பழகுங்கள். விழுபவர்களில் பெரும்பாலோர் வேகத்தில் விழுவதில்லை, நின்ற இடத்தில் கால் வெளியே வராமல்தான் விழுகிறார்கள்.

கிராங்க், பெடல்

165 அல்லது 170 மி.மீ. கிராங்க் போதும். வளைவிலும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் நீளக் கிராங்க் தரையில் தட்டும். சதுர அச்சுக் கிராங்கின் போல்ட்டை 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி பாருங்கள். தளர்ந்த கிராங்கில் சில கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினியத் துளை உருமாறிவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெடலுக்கு 9/16 அங்குல மரை, எஃகு அச்சு, பட்டை நுழையத் துளை, இவை மூன்றும் வேண்டும். இடது பெடல் இடது மரை.

சக்கரம், டயர்

இரட்டைச் சுவர் ரிம், 36 ஸ்போக், 2 மி.மீ. கம்பி, மூன்று குறுக்குப் பின்னல். 32 ஸ்போக்கிலும் பழகலாம், தாவி இறங்கும் வித்தைகளுக்கு 36தான். ஸ்போக்குகளை விரலால் தட்டிப் பாருங்கள், ஒரே பக்கத்தில் உள்ளவை ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. அதன் அண்டை ஸ்போக்கின் மேல் சுமை கூடும்.

அகல டயரை 700 சைஸ் ட்ராக் ஃப்ரேமில் திணிக்க முயலாதீர்கள், பெரும்பாலும் இடம் இருக்காது. இடம் இருந்தால் 26 x 2.1 போடலாம். அதன் உயரம் 700 x 28 டயரைவிட 7 மி.மீ. அளவுதான் குறைவு, பெடல் தரையைத் தட்டும் பயம் அதிகமில்லை. 26 x 2.1க்கு 40 முதல் 45 பி.எஸ்.ஐ., 700 x 38க்கு 60 முதல் 70. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஸ்கிட் பழகும் நாட்களில் பின் டயரில் கொஞ்சம் கூடுதல் காற்று சறுக்கலை எளிதாக்கும்.

வேலூர் வெயிலில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைப் பாதியாக்குகிறவர்கள் உண்டு. 25 டிகிரியில் 45 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 45 டிகிரியில் 49 பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் ஏறும். வெயில் கெடுப்பது பழைய பங்க்சர் ஒட்டை. பசை இளகி ஓரம் தூக்கும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பாலாற்றங்கரை, ஏரிக்கரைப் பாதைகளில் சீமைக்கருவேல முள் நிச்சயம் உண்டு. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பஞ்சர் தடுப்புப் பட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ஹேண்டில்பார், பிரேக்

650 முதல் 720 மி.மீ. அகல ரைசர் பார் (நடுவிலிருந்து மேலே வளைந்து உயரும் ஹேண்டில்பார்), 50 முதல் 60 மி.மீ. ஸ்டெம் (அதை ஃபோர்க்கோடு பிடிக்கும் பாகம்). பார் முனைகளில் அடைப்பான் கட்டாயம். திறந்த குழாய் முனை விழும்போது வயிற்றையும் தொடையையும் குத்தும். சீட்டை வழக்கமான உயரத்தைவிட 3 முதல் 5 செ.மீ. இறக்குங்கள்.

ஷூ போட்டுப் பட்டையில் கால் வைத்து, பெடல்களைச் சமமட்டத்தில் நிறுத்தி, ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முன் டயர் ஷூ நுனியில் இடித்தால் அந்த ஃப்ரேமில் பார் ஸ்பின் (ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுழற்றும் வித்தை) வராது. பார் மேல் குழாயில் இடித்தால் ரைசர் உயரம் போதாது. இதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும், வண்டி அமைத்த பின் சரிசெய்ய வழியில்லை.

முன் பிரேக் இருக்கட்டும். ட்ராக் ஸ்டாண்ட், ஸ்கிட், ஃபேக்கி எதற்கும் அது தடையில்லை. பார் ஸ்பின்னுக்கு வரும்போது, மேல் மூடி போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் துளையுள்ள போல்ட் போட்டு, கேபிளை ஃபோர்க் குழாய் வழியாகவே இறக்கிவிட்டால் எத்தனை சுற்றுக்கும் சிக்காது. பிரேக் இல்லாமல் மலை இறங்கும் எண்ணம் வேண்டாம். 58.6 கியர் அங்குலத்தில் 40 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 143 சுற்றுக் கால் சுழல வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பட்டைக்குள்ளிருந்து காலை எடுக்கவும் முடியாது.

முதல் சோதனையும் முதல் வித்தைகளும்

வண்டியில் ஏறும் முன், ஒருவர் முன் சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்ள, முன் பிரேக்கை அழுத்தி, பின் பெடலின் மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். மூன்று நான்கு முறை செய்துவிட்டுப் பெயின்ட் கோட்டைப் பாருங்கள். கோடு நகரவில்லை என்றால் சாலைக்குப் போகலாம்.

இடம் வழவழப்பான சிமெண்ட் தரையாக இருந்தால் நல்லது. பள்ளிக் கூடைப்பந்துத் தளம் கிடைத்தால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் பழகாதீர்கள், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், டயர் தடம் பதிக்கக் கூடாது. பாலாற்றுப் பாலத்தின் ஓரங்களில் மணல் படிந்திருக்கும், அங்கே ஸ்கிட் அடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை மட்டும். ஹெல்மெட், கையுறை, முன்கால் கவசம் மூன்றும் வேண்டும். பெடல் முன்காலில் அடிப்பது இந்த விளையாட்டில் தினசரி நிகழ்ச்சி.

முதல் சில நாட்கள் மிதிப்பதை நிறுத்தாமல் ஓட்ட மட்டும் பழகுங்கள். பிறகு ட்ராக் ஸ்டாண்ட்: லேசான மேட்டில், பெடல் சமமட்டத்தில், முன் சக்கரத்தை முன்னால் இருக்கும் காலின் பக்கம் 45 டிகிரி திருப்பி, ஓர் அங்குலம் முன்னும் பின்னுமாக வண்டியை ஆட்டிப் பிடியுங்கள். பார்வை சக்கரத்தில் இல்லாமல் சில மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஸ்கிட் வராததற்குக் காலில் வலு போதவில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் பின் சக்கரத்தில் எடை இருப்பதுதான் காரணம். மெதுவான ஓட்டத்தில் எழுந்து, நெஞ்சை ஸ்டெம்முக்கு மேலே கொண்டுபோய், இடுப்பை முன்னால் தள்ளுங்கள். பெடல் சமமட்டத்துக்கு வரும் கணத்தில் முன் காலைப் பட்டையோடு மேலே இழுத்து, பின் காலைக் கீழே விறையுங்கள். ஈரத் தரையில் முதலில் முயன்றால் உணர்வு சீக்கிரம் பிடிபடும். ஃபேக்கியை ட்ராக் ஸ்டாண்ட் அரை நிமிடம் நின்ற பிறகு தொடங்குங்கள். நின்ற நிலையிலிருந்து பின்னால் மிதித்து, தோளுக்கு மேலே பின்பக்கம் பார்த்து, பெரிய வட்டமாகப் போங்கள். பார் ஸ்பின் கடைசி. முதலில் வண்டியை விட்டு இறங்கி நின்று, முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு கையால் சுழற்றி மறு கையால் பிடிக்கும் அசைவைப் பழகுங்கள்.

வாரம் ஒரு முறை

பெயின்ட் கோடு, அச்சு நட்டு, கிராங்க் போல்ட், ஸ்டெம் போல்ட், பட்டைத் தையல், இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டெம்மின் எம்5 போல்ட்டுகளுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். செயினில் 24 லிங்க் நீளத்தை அளந்தால் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும், 306.5ஐத் தொட்டதும் மாற்றுங்கள், தாமதித்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். பாலாற்று மணல் தூசி படிந்த செயினின் மேல் புது எண்ணெய் ஊற்றாதீர்கள். துடைத்து எடுத்துவிட்டு, லிங்குக்கு ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கத்தை மறுபடி துடையுங்கள். பின் டயரில் எங்காவது நூல் எட்டிப் பார்த்தால் அதை முன் சக்கரத்துக்கு மாற்றி ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன் டயர் வெடித்தால் விழுவது முகம்தான். அந்த டயரைக் கழித்துவிட்டுப் பின்னால் புதியது போடுங்கள்.